பதினோராவது கேள்வி

கீழே கடல் இருந்தது. பத்து நிமிஷம் பார்க்காமல் இருந்துவிட்டுப் பார்த்தாலும் அதே கடல்தான், நகர்ந்த மாதிரியே தெரியவில்லை, மணிக்கு நூறு மைலுக்கு மேல் போகிறோம் என்று தனுஷ்கோடி சொல்லியிருந்தார், சொன்னால் சரியாகத்தான் இருக்கும், எண் விஷயத்தில் அந்த மனுஷர் பொய் சொல்ல மாட்டார். மங்கை இடுப்பில் கட்டியிருந்த மஞ்சள் மிதவைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள், இழுக்க வேண்டிய சிவப்புக் குமிழ் அதே இடத்தில் இருந்தது, காலையிலிருந்து இருபது தடவை தொட்டாகிவிட்டது. நியூசிலாந்தின் இரண்டு தீவுகளுக்கும் நடுவில் இருக்கிற இந்தக் கடலைக் காலையில் ஒரு தடவை தாண்டி, வடக்குத் தீவில் ஒரு சின்ன விமானத் திடலில் இறங்கி, ஆளுக்கொரு பேப்பர் கப்பில் டீ குடித்துவிட்டு, இப்போது திரும்பிக்கொண்டிருந்தார்கள். இன்னும் நாற்பது நிமிஷம். தெற்குத் தீவில் விமானக் கிளப் வாசலில் மகள் சுகந்தி பேத்தியோடு காத்திருப்பாள், மங்கை இறங்கிக்கொள்ள வேண்டும், சுகந்தியும் நறுமுகையும் ஏறிக்கொள்ள வேண்டும், தாத்தா அவர்களை இதே கடலுக்கு மேல் ஒரு சுற்று கூட்டிப்போவார், ஒரு வாரமாக வீட்டில் இதே பேச்சுதான். விமானத்தில் நாலு பேர் உட்காரலாம், ஆனால் பெட்ரோலோடு சேர்த்து எடைக் கணக்குப் போட்டால் மங்கை இறங்கினால்தான் சரிவரும் என்று தாளில் கூட்டிக் காட்டியிருந்தார், அதுவும் எண்தான். ஐந்து வயசுப் பேத்தி நேற்று ராத்திரி தூங்காமல் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு சோபாவிலிருந்து குதித்துக்கொண்டே இருந்தாள். எஞ்சின் மாவு மில் மாதிரி விடாமல் இரைந்தது, காதை மூடிய ஹெட்செட்டையும் தாண்டி அது பல்லில் இரைந்தது. மங்கை பக்கத்தில் இருந்தவரின் கையைப் பார்த்தாள். இரண்டு மாசமாக அவள் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஃபாரம் நிரப்புவது அவள் வேலை. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான், தனுஷ்கோடியின் கையெழுத்து அவருக்கே புரியாது, மங்கை விருதுநகரில் பத்திர ஆபீசில் ஆறு வருஷம் படியெடுத்தவள், குண்டு குண்டாக, ஒரு எழுத்து இன்னொன்றின் மேல் சாயாமல் எழுதுவாள். பாஸ்போர்ட், விசா, குடியுரிமை, வீட்டு இன்ஷூரன்ஸ், சுகந்தியின் பள்ளிக்கூடம், எல்லாவற்றையும் அவள் எழுதி, கையெழுத்து இடத்தில் பென்சிலால் ஒரு சின்னப் பெருக்கல் குறி போட்டு நீட்டுவாள், அவர் குறி இருக்கிற இடத்தில் கையெழுத்துப் போடுவார். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு தடவைகூடப் படித்ததில்லை. படிக்காததுதான் அவர் அவளுக்குக் கொடுத்த மரியாதை என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தாள். மங்கையர்க்கரசி என்ற பெயர் எந்த நாட்டுக் கட்டத்துக்குள்ளும் அடங்கியதில்லை, கடைசி இரண்டு எழுத்து எப்போதும் கட்டத்துக்கு வெளியே தொங்கும், அப்பா பெயர்தான் குடும்பப் பெயர் என்று எழுதியதில் தனுஷ்கோடியின் அப்பா சங்கிலி, சாத்தூரைத் தாண்டி அதிகம் போகாத மனுஷர், இந்த ஊர்க் கிளப்பில் எல்லார் வாயிலும் மிஸ்டர் சங்கிலியாகச் சுற்றிக்கொண்டிருந்தார். தொண்ணூற்றாறில் சென்னையில் அமெரிக்க விசாவுக்கு அலைந்தபோது டிராவல்ஸ்காரர் ஒருவர், நெற்றி நிறையத் திருநீறு, பேனாவை அவள் கையிலிருந்து வாங்கிக் காட்டிக் கொடுத்தார். “கேள்வியப் படிச்சுக் குழம்பாதீங்கம்மா. எல்லாத்துக்கும் நோ போட்டுக்கிட்டே வாங்க. நோ போட்டவங்க போய்ச் சேந்துட்டாங்க, எஸ் போட்டவங்க இன்னும் வரிசையில நிக்கிறாங்க.” குண்டு வைத்ததுண்டா, நோ, காசநோய் உண்டா, நோ, நாடு கடத்தப்பட்டதுண்டா, நோ. ஒரே ஒரு தடவை எஸ் போட்டாள், சுகந்தியின் பள்ளிக்கூட ஃபாரத்தில், வீசிங் உண்டா என்ற இடத்தில், அதற்கு ஒரு மாசம் போன் மேல் போன், கடிதம், டாக்டர் சீட்டு, குழந்தையை விளையாட விடாமல் ஓரமாக உட்காரவைத்துவிட்டார்கள், அழுதுகொண்டே வந்தது. அதற்கப்புறம் அவள் கை தானாகவே நோ வரிசையில் மேலிருந்து கீழே இறங்கப் பழகிவிட்டது, சின்னப் பிள்ளைகள் சறுக்குமரத்தில் இறங்குகிற மாதிரி, யோசிக்காமல்.

யோசிக்காமல் என்பது பொய். இரண்டு மாசத்துக்கு முன்னால் ஒரு ஃபாரத்தில், பதினோராவது கேள்வியில் பேனா நின்றது. நின்றது, ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுக்காரர் புல் வெட்டிக்கொண்டிருந்தார், அந்தச் சத்தம்கூட ஞாபகம் இருக்கிறது. அமெரிக்க லைசென்ஸை வைத்துக்கொண்டு இன்னொரு நாட்டு வானத்தில் அப்படியே ஏறிவிட முடியாதாம், அந்த நாட்டுக்காரர்கள் பார்த்து, சரி, நீ பற என்று ஒரு தாள் கொடுக்க வேண்டும், அந்தத் தாளுக்கு ஒரு ஃபாரம், பதினெட்டுக் கேள்விகள், பதினோராவது, கடந்த இரண்டு வருஷத்தில் நினைவு தப்பியதுண்டா. அவளுக்கு கராஜ் தெரிந்தது. போன செப்டம்பரில் காரிலிருந்து அரிசி மூட்டையை எடுக்கப் போனவர் வரவில்லையே என்று போய்ப் பார்த்தால், டயரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், கண் திறந்திருந்தது, வாய் எதையோ மெதுவாக மென்றது, மெல்ல வாயில் ஒன்றுமில்லை. என்னங்க, என்னங்க என்று இரண்டு தடவை தோளை உலுக்கினாள், அவர் அவளைத் தாண்டிச் சுவரைப் பார்த்தார், பிறகு யாரோ ஸ்விட்சைப் போட்ட மாதிரி திரும்பி வந்து, மூட்டை கனமா இருந்துச்சு, உக்காந்தேன் என்றார். டாக்டரிடம் போகலாம் என்றாள். போகலாம், ஆனா அவர் எழுதிவைப்பார், எழுதிவைத்தால் லைசென்ஸ் போயிடும் என்றார், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது, அவளும் முடித்துக்கொண்டாள். அவர் முடித்தது ஒரு பக்கம் இருக்கட்டும், அவள் ஏன் முடித்துக்கொண்டாள்? சைக்கிள். இல்லை, சைக்கிளைப் பற்றி இப்போது நினைக்க வேண்டாம். கடல் அப்படியே இருந்தது, நடுவில் வெள்ளையாக ஒரு கப்பல், சோப்புத் துண்டு மாதிரி.

அவள் ஏன் முடித்துக்கொண்டாள் என்றால், பறப்பதற்கு முன்னால் இந்த மனுஷர் எப்படி இருந்தார் என்று அவளுக்குத் தெரியும். ஹூஸ்டனில் மின்சாரக் கம்பெனி வேலை, வீட்டுக்கு வந்தால் சாப்பாடு, செய்தி, தூக்கம், மூன்றுக்கும் நடுவில் நாலு வார்த்தை, அதில் இரண்டு உப்பைப் பற்றி. ஒரு வீட்டில் இருபது வருஷம் ஒருவர் பேசாமல் இருந்தால் அது கோபம்கூட இல்லை, ஈரம் பிடித்த சுவர் மாதிரி அது பாட்டுக்கு இருக்கும், மற்றவர்கள்தான் சளி பிடித்துத் திரிவார்கள். நாற்பத்தொன்பது வயதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரிடமும் சொல்லாமல் போய்ப் பறக்கக் கற்றுக்கொள்ளச் சேர்ந்துவிட்டு வந்து, சாப்பாட்டு மேஜையில் ஒரு மணி நேரம் பேசினார். சுகந்தி அப்போது காலேஜில் இருந்தாள், அம்மா, அப்பா பேசுறார் என்று காதுக்குள் சொன்னாள். அன்றிலிருந்து பன்னிரண்டு வருஷம் அவர் பேசியதெல்லாம் காற்று, மேகம், இறக்கை, எஞ்சின் எண்ணெய், மங்கை ம் போட்டுக்கொண்டே வெண்டைக்காய் நறுக்குவாள், ஒரு வார்த்தை மண்டையில் ஏறினதில்லை, ஏற வேண்டும் என்றும் அவள் நினைத்ததில்லை, பேசுகிறாரே, அது போதும். ஹாலில் ஒரு உலகப் படம் மாட்டினார், டெக்சாஸ் முழுக்கப் பச்சைக் குண்டூசி, அமெரிக்காவுக்கு வெளியே ஒன்றுகூட இல்லை. சுகந்தி கல்யாணமாகி நியூசிலாந்துக்கு வந்த அன்றே ஒரு சிவப்புக் குண்டூசியைச் சட்டைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டார், ஆறு வருஷம் சட்டை மாற்றும்போதெல்லாம் அதையும் மாற்றிக்கொண்டிருந்தார், துவைக்கப் போடும்போது அவள் விரலில் எத்தனை தடவை குத்தியிருக்கிறது. லைசென்ஸ் போனால் அந்த மனுஷர் திரும்பச் சுவர் ஆகிவிடுவார். அதுதான் பேனா நின்ற இடத்தில் அவளுக்குத் தெரிந்தது. சறுக்குமரத்தில் யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளின மாதிரி பேனா இறங்கியது, பதினொன்று, நோ, பன்னிரண்டு, நோ. அவர் குறி இருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

இங்கே வந்ததும் கிளப்பில் ஹேமிஷ் என்ற செம்பட்டைத் தாடிக்காரன் ஒன்றரை மணி நேரம் அவரைப் பறக்கவைத்துச் சோதித்தான், பிரமாதம் மிஸ்டர் சங்கிலி என்றான், அவர் அன்று ராத்திரி மூன்று தோசை அதிகமாகச் சாப்பிட்டார். ஊருக்கு ஊர் வழக்கம் மாறுகிறதாம், இறங்குவதற்கு முன்னால் திடலைச் சுற்றி வருகிற வட்டம் டெக்சாஸில் பேட்டர்ன், இங்கே சர்க்யூட்டாம், காற்றழுத்தத்தை அங்குலத்தில் சொல்ல மாட்டார்களாம், பழக்கதோஷத்தில் மாற்றிச் சொல்லிவிடக் கூடாது என்று ஒரு மஞ்சள் சீட்டில் எழுதி எதிரே இருந்த முள் வட்டங்களுக்கு நடுவில் ஒட்டியிருந்தார், அவர் கையெழுத்து, கடவுளுக்குத்தான் புரியும். ஹேமிஷ் அவளிடமும் ஒன்று சொன்னான், சிரித்துக்கொண்டேதான் சொன்னான், இந்த விமானத்துக்குப் பறக்கப் பிடிக்கும், என்ன ஆனாலும் நீங்கள் எதையும் தொடாதீர்கள், அது பாட்டுக்குப் போகும். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. என்ன ஆனாலும் என்று ஏன் சொன்னான், அவள் முகத்தில் என்ன தெரிந்தது அவனுக்கு. அவள் அப்பா பஸ் ஓட்டினவர், விருதுநகர் அருப்புக்கோட்டை ரோட்டில் அரசு பஸ், ஐம்பது வயசில் வலது கண்ணில் புகை மாதிரி வந்துவிட்டது, வருஷாவருஷம் நடக்கிற கண் பரிசோதனையில் மாட்டினால் ஸ்டீயரிங்கை விட்டு இறக்கிவிடுவார்கள். சோதனை முடித்து வந்த இன்னொரு டிரைவர் பலகையில் இருந்த எழுத்தெல்லாம் மனப்பாடமாகச் சொல்ல, பதிமூன்று வயசு மங்கை காலண்டர் தாளின் பின்பக்கத்தில் குண்டு குண்டாக எழுதினாள், ஏழு வரி, கடைசி வரி ப, ய, ட, ம, ர. அப்பா விளக்குக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒப்பிப்பார், அவள் தப்புத் திருத்துவாள், ஜெயித்தார், இன்னும் இரண்டு வருஷம் ஓட்டினார், தினம் ஐம்பது அறுபது பேரை ஏற்றிக்கொண்டு. ஒன்றும் ஆகவில்லை. அந்த வீட்டில் அந்த வார்த்தையைச் சொல்லித்தான் சாப்பிட்டார்கள், தூங்கினார்கள், அவளுக்குக் கல்யாணம் பண்ணினார்கள். ஒன்றும் ஆகவில்லை.

“சுகந்தி வீட்டுல அந்த,” என்று தனுஷ்கோடியின் குரல் ஹெட்செட்டில் வந்து நின்றது. அந்த என்ன? மங்கை திரும்பினாள். கண் திறந்திருந்தது. எதிரே, தொடுவானத்தில், அங்கே இல்லாத ஒன்றை அவர் பார்த்துக்கொண்டிருந்தார், வாய் மெதுவாக மென்றது, ஸ்டீயரிங் மாதிரி இருந்த அந்தப் பிடியில் இடது கை விரல்கள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. ஒன்று என்று அவள் எண்ண ஆரம்பித்தாள், ஏன் எண்ணினாள், சுகந்திக்கு ஊசி போடும்போது எண்ணிக் காட்டிய பழக்கமோ என்னமோ, இரண்டு, மூன்று, காதில் தரைக் கட்டுப்பாட்டிலிருந்து ஒரு பெண்ணின் குரல் அவர்கள் விமானத்தின் மூன்று எழுத்துகளைச் சொல்லிக் கூப்பிட்டது, ஒரு வாரமாக அவர் குளியலறையிலும் சொல்லிச் சொல்லிப் பழகின எழுத்துகள், நாலு, ஐந்து, என்னங்க என்றாள், தன் குரல் தனக்கே கேட்கவில்லை, ஆறு, இடது இறக்கை இறங்குகிற மாதிரி இருந்தது, மாதிரி இல்லை, இறங்கியது, கடல் அந்தப் பக்க ஜன்னலில் ஏறியது, ஏழு, எட்டு, தொடாதே, எதையும் தொடாதே, என்னங்க, ஒன்பது, அந்தப் பெண் மறுபடி கூப்பிட்டாள், அதே நிதானம், கிணற்றுக்கு மேலே நின்று கூப்பிடுகிற மாதிரி, பத்து, மங்கையின் கை தானாகச் சிவப்புக் குமிழுக்குப் போயிருந்தது, பதினொன்று, நறுமுகை, நறுமுகை இந்த சீட்டில், இந்த பெல்ட்டில், பன்னிரண்டு, பதிமூன்று, பதினான்கு. “ஃபிரிட்ஜ் ஒரு மாதிரி சத்தம் போடுது, கேட்டியா,” என்றார் தனுஷ்கோடி. பிறகு இறக்கையைப் பார்த்தார். காத்து என்று சொல்லிக்கொண்டே நேராக்கினார், மூன்றாவது தடவை கூப்பிட்ட பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டு, உயரத்தையும் இடத்தையும் சுத்தமாகச் சொன்னார். அவருக்குத் தெரியவில்லை. அவர் மறைக்கவில்லை, நடிக்கவில்லை, பதினான்கு எண்ணும் நேரம் தான் இல்லாமல் போனது அவருக்கே தெரியவில்லை, இந்த உலகத்தில் அதைத் தெரிந்த ஒரே ஆள் மங்கைதான்.

சொல்லிவிடலாம். இப்போதே. சொன்னால் என்ன ஆகும், இல்லை என்பார், பிறகு நேரத்தைப் பார்ப்பார், கடிகாரத்தில் கொஞ்சம் நேரம் காணாமல் போயிருக்கும், எண் விஷயத்தில் தன்னையே ஏமாற்றத் தெரியாத ஆள், நம்பிவிடுவார், நம்பினால் அந்தக் கை நடுங்கும், நடுங்குகிற கையோடு இந்தக் கடலைத் தாண்டி எப்படி இறக்குவார். சொல்லக் கூடாது, தரையில்தான் சொல்ல வேண்டும். ஆனால் தரைக்குப் போகிற வரை மறுபடி வந்தால்? பேச்சு நின்றபோதுதான் அது வந்தது, இல்லை, அது வந்ததால்தான் பேச்சு நின்றது, எதுவாக இருந்தாலும் குரல் வந்துகொண்டிருந்தால் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். அவள் விரலை நீட்டி எதிரே இருந்த வட்டத்தில் ஒன்றைக் காட்டி, இது என்னங்க என்று கேட்டாள். அவர் திரும்பிப் பார்த்தார். உயரம் காட்டுறது என்றார். பெரிய முள் எது, சின்ன முள் எது என்று கேட்டாள், சொன்னார். இது? வேகம். இந்தப் பச்சைக் கோடு ஏன், வெள்ளைக் கோடு ஏன். அவர் சொல்லச் சொல்ல அவள் அடுத்ததைத் தேடி வைத்துக்கொண்டாள், நடுவில் ஒரு மூச்சுக்கூட விழக் கூடாது. வானமும் பூமியும் வரைந்த ஒரு பொம்மை வட்டத்தைக் காட்டினாள், விமானம் சாய்ந்திருக்கிறதா நேராக இருக்கிறதா என்று அது சொல்லும் என்றார், மேகத்துக்குள் போய்விட்டால் நம் உடம்பு பொய் சொல்லுமாம், நேராகப் போகிறோம் என்றே சொல்லிக்கொண்டிருக்குமாம், இது மட்டும் சொல்லாது. மங்கை அந்தப் பொம்மை வட்டத்தையே பார்த்தாள். “இன்னைக்கு என்ன ஆச்சு உனக்கு,” என்று சிரித்தார். என்னவோ, தெரிஞ்சுக்கணும்னு தோணுச்சு என்றாள். அதோடு அவர் குரல் நின்றது, அவள் எண்ணத் தொடங்கிவிட்டாள், மூன்றாவது எண்ணில் அவர் பேசினார். “பன்னெண்டு வருஷமாச்சு மங்கை, நீ இதைக் கேக்க.”

அதற்கப்புறம் அவரை நிறுத்த முடியவில்லை. எஞ்சினைப் பற்றிச் சொன்னார், இறக்கைக்கு மேலே காற்று ஏன் வேகமாக ஓடுகிறது என்று சொன்னார், ஊரில் பத்தாவது படிக்கும்போது பட்டாசுக் கம்பெனி முதலாளி வீட்டுக்கு வந்த வெளிநாட்டுப் பத்திரிகையில் ஒரு குட்டி விமானத்தின் படத்தைக் கிழித்து வைத்துக்கொண்டதைச் சொன்னார், இத்தனை வருஷத்தில் அதை அவளிடம் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. முகம் அப்படி மலர்ந்திருந்தது. கல்யாணத்தன்றுகூட அந்த முகத்தை அவள் பார்த்ததில்லை, இப்போது பார்க்கிறாள், அவர் ஆசையாகச் சொல்கிற ஒரு வார்த்தையும் உள்ளே ஏறாமல், கண்ணையும் வாயையும் கையையும் காவல் காத்துக்கொண்டு, பாவி, ஒரு பாவியைப் போலப் பார்க்கிறாள். தூரத்தில் கரை பச்சையாக எழுந்தது, மலைகளுக்கு நடுவில் கடல் விரல் விரலாக உள்ளே போயிருந்தது, அந்த அழகைச் சபிக்க வேண்டும் போல இருந்தது. சைக்கிள். சரி, நினைத்துக்கொள், இனிமேல் நினைக்காமல் இருந்து என்ன. அவளுக்குப் பதினாலு வயசு. அப்பா டூட்டி முடிந்து வந்து தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார், சோற்றைத் தொடவில்லை, சைக்கிள்காரன் குடிச்சிருந்தான், அவனாத்தான் வந்து விழுந்தான் என்றார், யாரும் கேட்காமலேயே சொன்னார். அம்மா ரசம் ஊற்றினாள். அந்தச் சைக்கிள்காரனுக்கு என்ன ஆனது என்று அம்மா கேட்கவில்லை, மங்கையும் கேட்கவில்லை, காலண்டர் தாள் அலமாரிக்குப் பின்னால் சொருகியிருந்தது, மறுநாள் காலையில் அதை எடுத்து வெந்நீர் அடுப்பில் போட்டாள், ப, ய, ட, ம, ர, ஓரத்திலிருந்து எரிந்தது. ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னார்களே, யாருக்கு ஒன்றும் ஆகவில்லை? நாற்பத்துமூன்று வருஷமாக அந்த ஆள் அருப்புக்கோட்டை ரோட்டில் விழுந்து கிடக்கிறான், அவனுக்கு எத்தனை பிள்ளைகள் என்றுகூட அவளுக்குத் தெரியாது.

திடல் தெரிந்ததும் தனுஷ்கோடி பேச்சைக் குறைத்தார், இறங்கும்போது பேசக் கூடாதாம், கவனம் சிதறும். சொல்லிக்கிட்டே இறக்குங்க, எனக்குப் பயமா இருக்கு என்றாள், அதில் பொய் இல்லை. அவர் சிரித்துவிட்டுச் சொல்லிக்கொண்டே இறக்கினார், இப்ப சர்க்யூட்டுல சேர்றோம், பாத்தியா பேட்டர்ன்னு சொல்லல, இப்ப வேகத்தைக் குறைக்கிறேன், எழுபத்தஞ்சு, எழுபது, இப்ப இறக்கையில அந்தப் பலகை இறங்குது பாரு, அறுபத்தஞ்சு, மங்கை ஒவ்வொரு எண்ணையும் வாங்கி வாங்கி வைத்துக்கொண்டாள், வேலி ஓரத்து மரங்கள் பெரிதாகி, புல் பெரிதாகி, ஒரு குலுக்கல், இன்னொரு சின்னக் குலுக்கல், தரை. தரை. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, மூக்குக் கண்ணாடியைத் துடைக்கிற மாதிரித் துடைத்துக்கொண்டாள். வேலிக்கு அந்தப் பக்கம் சுகந்தி நின்றாள், அவள் தோளில் நறுமுகை, யாரோ கொடுத்த பெரிய ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். எஞ்சின் நின்றது. அந்த அமைதியில் சொல்லியிருக்கலாம், அவர்கள் இரண்டு பேர் மட்டும்தான் இருந்தார்கள், வாயைக்கூடத் திறந்தாள். அதற்குள் அவர் கதவைத் திறந்து, “சுகந்தி, உங்கம்மா இன்னைக்குப் பாதி பைலட் ஆயிட்டா,” என்று வேலிக்குக் கேட்கும்படி சொன்னார்.

வெளிநாட்டு லைசென்ஸில் பறக்கிறவர்கள் புதிதாக ஆள் ஏற்றுகிற ஒவ்வொரு தடவையும் கிளப்பில் ஒரு தாள் எழுதித்தர வேண்டும், காலையிலும் எழுதினாள். அம்மா, நீங்களே எழுதிடுங்க, நான் இவளை பாத்ரூம் கூட்டிட்டுப் போயிட்டு வரேன் என்று சுகந்தி போனாள். ஹேமிஷ் கவுன்ட்டரில் தாளையும் பேனாவையும் நகர்த்திவிட்டுப் போனில் யாரிடமோ வானிலை பேசினான். ஏறுகிறவர் பெயர், சுகந்தி, எடை, அறுபத்திரண்டு. ஏறுகிறவர் பெயர், நறுமுகை, கட்டத்துக்குள் அடங்கியது, எடை, பதினெட்டு. பதினெட்டுக் கிலோ, காலையில் குளியலறைத் தராசில் ஒற்றைக்காலில் நின்று அடம்பிடித்தாள். அப்புறம் விமானம் ஓட்டுகிறவரின் உடல்நிலை, நாலு கேள்வி, நோ, எஸ், நோ, எஸ் என்று எதிரெதிரே கட்டங்கள். ஒன்று, நோ. இரண்டு, நோ. மூன்றாவது, நினைவு தப்புதல் அல்லது மயக்கம். கை இறங்கப் பார்த்தது, வழுக்கியது, இருபத்தெட்டு வருஷப் பழக்கம், மணிக்கட்டே அந்தப் பக்கம்தான் சாய்ந்தது. ஹாலில் உலகப் படம், பச்சைக் குண்டூசிகள், அவர் சோபாவில் உட்கார்ந்து செய்தி பார்க்கிறார், நாளைக்கும் பார்க்கிறார், அடுத்த வருஷமும் பார்க்கிறார், உப்பைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்கிறார். அவள் எஸ் கட்டத்தில் பேனாவை வைத்து அழுத்தினாள், தாள் கிழியும்போல அழுத்தினாள். எஸ் என்றால் விவரம் எழுதுக என்று ஒரு கோடு இருந்தது. இன்று காலை, திரும்பி வரும்போது, கடலுக்கு மேல், நான் பதினான்கு எண்ணும் வரை என்று ஆங்கிலத்தில் குண்டு குண்டாக எழுதினாள். ஒரு இடைவெளி விட்டு, போன செப்டம்பரிலும் என்று எழுதினாள், முதல் ஃபாரத்தில் நான் மறைத்தேன் என்று எழுதினாள், கோடு முடிந்துபோய்க் கடைசி எழுத்துகள் ஓரத்தில் தொங்கின. நாலாவது, நோ. கையெழுத்து இடத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டாள்.

தனுஷ்கோடி கை நிறையப் பெட்ரோல் வாசனையோடு உள்ளே வந்தார், எங்க என்றார். இங்க என்று காட்டினாள். அவர் குனிந்தபோது அவளால் தாங்க முடியவில்லை, ஒரு தடவை படிச்சுப் பாருங்களேன் என்றாள், முப்பத்துநாலு வருஷத்தில் முதல் தடவை. “நீ எழுதினதுல நான் என்னத்தப் படிக்க,” என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார், வழக்கமான அந்தக் கிறுக்கல், கீழே ஒரு கோடு, இரண்டு புள்ளி. சட்டைப் பையிலிருந்து சிவப்புக் குண்டூசியை எடுத்து, பத்திரமா வை, ஊருக்குப் போனதும் குத்தணும் என்று அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டு வெளியே போனார். ஹேமிஷ் போனை வைத்துவிட்டுக் கையை நீட்டினான். அவள் தாளைக் கொடுத்தாள். அவன் மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்து, பாதியில் நின்று, மறுபடி மேலிருந்து படித்தான். அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே தனுஷ்கோடி பேத்தியைத் தூக்கி விமானத்தின் மூக்குக்குப் பக்கத்தில் காட்டி, ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுப் பெயர் சொல்லிக்கொண்டிருந்தார். நறுமுகை ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.